கொல்கத்தாவில் ஒரு வார இறுதி: அருங்காட்சியகம், சந்தை, தெருவோர உணவு – எதை எந்த நேரத்தில் பார்ப்பது?

நடைவழி எழுதியது:

வணக்கம். கொல்கத்தாவுக்குப் போகிறேன், சனியும் ஞாயிறும் மட்டுமே கையில் இருக்கின்றன, எதைப் பார்க்கலாம் என்ற கேள்வி இங்கே அடிக்கடி எழுகிறது. விடையாக வருவது பெரும்பாலும் விக்டோரியா நினைவகம், ஹௌரா பாலம், காளிகாட், தட்சிணேசுவரம், பேலூர் மடம் என்ற பட்டியல்தான். அந்த இடங்களைப் பற்றி எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. ஆயினும், அருங்காட்சியகங்களையும் சந்தைகளையும் தெருவோர உணவையும் விரும்பி அந்நகருக்குப் போகிறவர் இடங்களின் பட்டியலை வைத்துத் திட்டமிட்டால் பாதியை இழந்துவிடுவார் என்பது என் உறுதியான கருத்து. அங்கே ஒவ்வொன்றுக்கும் ஒரு நாளும் ஒரு பொழுதும் உண்டு. மல்லிக் படித்துறைப் பூச்சந்தை விடியற்காலைக்கு உரியது. டிரெட்டா பஜாரின் சீனக் காலை உணவு ஞாயிற்றுக்கிழமை களைகட்டும், ஆனால் வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். கல்லூரித் தெருவின் புத்தகக் கடைகள் ஞாயிறன்று பெரும்பாலும் அடைத்திருக்கும். இந்திய அருங்காட்சியகமும் விக்டோரியா நினைவகமும் திங்களன்று திறப்பதில்லை. எனவே கடிகாரத்தை முதலிலும் வரைபடத்தை அடுத்தும் வைத்துத் திட்டமிட வேண்டும்.

நான் பரிந்துரைக்கும் வரிசை இது. சனிக்கிழமை பொழுது விடியும்போதே ஹௌரா பாலத்தின் கிழக்கு முனையில் இறங்கிப் பூச்சந்தைக்குள் நுழைந்துவிடுங்கள். அங்கிருந்து வடக்கே குமார்துலிக்குச் சென்று, மண்ணால் தெய்வ உருவங்களைச் செய்யும் குடியிருப்பைச் சுற்றிப் பாருங்கள். பிறகு இரவீந்திரநாத் தாகூர் 1861இல் பிறந்து 1941இல் மறைந்த ஜோராசாங்கோ இல்லம். பிற்பகலும் மாலையும் கல்லூரித் தெருவுக்கு. ஞாயிறன்று அதிகாலை டிரெட்டா பஜார், பத்து மணிக்கு வாயில் திறக்கும்போது இந்திய அருங்காட்சியகம், அங்கிருந்து நடந்து நியூ மார்க்கெட், மாலையில் விக்டோரியா நினைவகத்தை ஒட்டிய மைதானத்துத் திறந்தவெளி. இந்த வரிசையில் போனால் ஒரு முறைகூட நகரைக் குறுக்கே கடந்து திரும்ப வேண்டியதில்லை.

இன்னொன்றையும் வலியுறுத்த விரும்புகிறேன். அருங்காட்சியகம் ஒரு வேலை, சந்தை இன்னொரு வேலை என்று பிரித்துவிடாதீர்கள். சந்தையில் விற்ற பொருள்களும், சந்தைக்காரர்கள் கொடுத்த காசில் எழுந்த கலையும்தான் அந்த நகரின் கூடங்களில் மிகச் சிறந்தவையாக இருக்கின்றன. இதை விரிவாக எழுதுவதற்கு முன் மற்றவர்களின் கருத்தை அறிய ஆவலாக உள்ளேன்.

கல்மாடம் எழுதியது:

நடைவழி அவர்களின் கடைசிக் கருத்துக்கு வலுவான சான்று இந்திய அருங்காட்சியகத்தின் பார்ஹுத் கூடத்தில் இருக்கிறது. அங்கே சற்று நின்று பேச அனுமதி வேண்டுகிறேன், ஏனெனில் பெரும்பாலோர் அந்தக் கூடத்தை ஐந்து நிமிடத்தில் கடந்து எகிப்திய மம்மி இருக்கும் அறைக்கு விரைந்துவிடுகிறார்கள்.

அருங்காட்சியகத்தின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1814இல் டென்மார்க் நாட்டுத் தாவரவியலாளர் நத்தானியேல் வாலிச்சின் முயற்சியால் ஆசியக் கழகத்தில் தொடங்கப்பட்ட இதுவே இந்தியாவின் மிகப் பழைய அருங்காட்சியகம். சௌரிங்கியில் இப்போதுள்ள கட்டடத்தை வால்டர் கிரான்வில் வடிவமைத்தார். 1878இல் அது மக்களுக்குத் திறக்கப்பட்டது.

பார்ஹுத், இன்றைய மத்தியப் பிரதேசத்தின் சத்னா மாவட்டத்தில் உள்ள ஊர். அங்கே கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த பௌத்தத் தூபி ஒன்று இடிந்து கிடந்ததை 1873இல் தொல்லியலாளர் அலெக்சாண்டர் கன்னிங்காம் கண்டறிந்தார். அதற்குள் சுற்றுவட்டார ஊர்மக்கள் கற்களைப் பெயர்த்துத் தங்கள் வீடுகளுக்குக் கொண்டு போயிருந்தார்கள். எஞ்சிய செந்நிற மணற்கல் வேலியும் கிழக்குத் தோரண வாயிலும் கொல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தன. எழும்பூர் அருங்காட்சியகத்தில் அமராவதியின் வெளிறிய சுண்ணாம்புக்கல் சிற்பங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தச் சிவப்பு முதலில் வியப்பளிக்கும்.

இந்த வேலியின் தூண்களிலும் குறுக்குக் கற்களிலும் அவற்றை யார் கொடுத்தார்கள் என்பது பிராமி எழுத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. ஒரு தூணில், விதிசையைச் சேர்ந்த ரேவதிமித்திரனின் மனைவி சாபதேவா கொடுத்த முதல் தூண் இது என்று எழுதியிருக்கிறது. பிக்குகள், பிக்குணிகள், இல்லறத்தார் எனப் பலரும் ஆளுக்கொரு கல்லாகக் கொடுத்து எழுப்பிய வேலி இது. நம் அழகர்மலைக் குகையின் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளில் உப்பு வணிகனும் கொழு (ஏர்முனை) வணிகனும் அறுவை (துணி) வணிகனும் தத்தம் பெயரைப் பொறித்து வைத்திருப்பதை அறிந்தவர்களுக்கு, இந்தத் தூண்களின் முன் நிற்கும்போது முன்பின் அறியாதவர்களிடம் வந்து நிற்பதாகத் தோன்றாது.

அதே வேலியில் ஒரு வட்டச் சிற்பம் இருக்கிறது. அனாதபிண்டிகன் என்னும் வணிகன், ஜேதவனம் என்ற தோப்பைப் புத்தருக்காக வாங்க, நிலம் முழுவதையும் காசுகளால் மூடி விலை கொடுத்த கதை அதில் செதுக்கப்பட்டுள்ளது. அவிழ்த்துவிட்ட மாட்டு வண்டி, காசு சுமந்து வருகிறவர், சதுரக் காசுகளைத் தரையில் வரிசையாகப் பரப்புகிறவர்கள், கெண்டியிலிருந்து நீர் வார்த்துத் தானத்தை உறுதி செய்யும் வணிகன் என எல்லாம் ஒரே வட்டத்துக்குள் அமைந்திருக்கின்றன. கீழே காட்சியின் விளக்கமும் எழுத்தில் உண்டு. புத்தரை மனித உருவில் எங்கும் தேடாதீர்கள். அரசமரம், வெற்றிருக்கை, சக்கரம், பாதச்சுவடு ஆகியவையே அங்கே அவரைக் குறிக்கின்றன.

ஞாயிறு காலை பத்து மணிக்கே செல்ல வேண்டும் என்பதை நானும் ஆதரிக்கிறேன். நண்பகலுக்குப் பிறகு குடும்பங்களும் பள்ளிக் குழுக்களும் நிறைந்துவிடுவதால் எழுத்துகளை நின்று பார்க்க இயலாது.

சுவைநாடி எழுதியது:

சந்தையைப் பற்றியும் கல்லைப் பற்றியும் படித்து மகிழ்ந்தேன். உணவின் நேரத்தை நான் சொல்கிறேன், ஏனெனில் அந்த நகரில் தெருவோர உணவு பொழுதுக்குப் பொழுது வேறாகிறது.

காலையில் கொச்சூரியும் உருளைக்கிழங்குக் குழம்பும். பெருங்காயம் கலந்த உளுந்துப் பூரணத்தை உள்ளே வைத்துப் பொரித்தெடுக்கும் கொச்சூரி, எண்ணெயிலிருந்து எடுத்த உடனே உண்ண வேண்டியது. கூடவே ஜிலேபியும் மண்குவளையில் தேநீரும் கிடைக்கும். நண்பகல் உணவுக்குப் பெயர்பெற்ற டேக்கர்ஸ் லேன் அலுவலகக்காரர்களை நம்பி நடக்கும் சந்து. அங்கே சூப்பைப் போன்ற காய்கறி, கோழி ஸ்டூவும் வாட்டிய ரொட்டியும் சிறப்பு. ஆனால் ஞாயிறன்று அந்தச் சந்து ஓய்ந்து கிடக்கும் என்பதால் வார இறுதிப் பயணத்தில் அதை நம்பிப் போக வேண்டாம்.

மாலையில்தான் நகரம் உண்மையாகவே தெருவில் உண்ணத் தொடங்குகிறது. வாழைப்பூவில் செய்த மோச்சார் சாப், கத்தரிக்காய் பேகுனி, வெங்காயப் பியாஜி ஆகியவற்றைச் சுடச்சுடப் பொரித்துக் காகிதப் பொட்டலத்தில் பொரியோடு தருவார்கள். ஜால்முரியில் பொரி, வேர்க்கடலை, தேங்காய்ச் சில்லு, பச்சை மிளகாய் ஆகியவற்றோடு காய்ச்சாத கடுகெண்ணெய் சேர்கிறது. அந்தக் காரம் நாக்கை விட மூக்கில் அதிகம் ஏறும். புச்காவை நம் ஊர்ப் பானிபூரி என்று எண்ணிக்கொண்டு போகிறவர்களுக்கு ஒரு சொல்: உள்ளே பட்டாணி மசாலா இருக்காது, மிளகாயும் வறுத்த மசாலாவும் புளியும் சேர்த்துப் பிசைந்த உருளைக்கிழங்கும் கறுப்புக் கொண்டைக்கடலையும் இருக்கும். புளித்தண்ணீரில் கந்தராஜ் எலுமிச்சையின் மணம் இருந்தால் அது நல்ல கடை. விற்பவர் ஒவ்வொன்றாகத் தொன்னையில் வைக்க, நின்றபடியே உண்ண வேண்டும். அடுத்தது வருவதற்குள் முந்தையதை முடித்துவிடுவது அங்குள்ள ஒழுங்கு.

வயிற்றைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். கண்முன்னே கொதிக்கும் எண்ணெயிலும் சூடான கல்லிலும் ஆவதை அச்சமின்றி உண்ணலாம். வெட்டி வைத்த பழங்களையும் பனிக்கட்டி போட்ட பானங்களையும் தவிர்த்துவிடுங்கள். புச்காவின் தண்ணீர்தான் இடர். கூட்டம் நிற்கும் கடையில், மாலையின் தொடக்கத்தில், நல்ல குடிநீரைப் பயன்படுத்துகிறார்களா என்று கேட்டுவிட்டு உண்ணுங்கள். கேட்பதை அங்கே யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

இரண்டு தலைமுறை எழுதியது:

மிகவும் பயனுள்ள உரையாடல். எழுபது வயதைக் கடந்த என் பெற்றோரையும் பத்து வயது மகளையும் அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறேன். அம்மாவும் அப்பாவும் முழுச் சைவம், முட்டையும் ஆகாது. விடியலில் பூச்சந்தை, பிறகு குமார்துலி, பிறகு தாகூர் இல்லம், பிறகு புத்தகத் தெரு என்பது எங்களைப் போன்றவர்களுக்கு இயலுமா? எதையாவது விட வேண்டுமென்றால் எதை விடுவது?

கங்கைக்கரை எழுதியது:

வணக்கம். பணியின் பொருட்டுக் கொல்கத்தாவில் குடியேறி, லேக் மார்க்கெட் பக்கம் நெடுங்காலமாக வசிப்பவன் என்ற முறையில் இரண்டு தலைமுறை அவர்களுக்குப் பதில் சொல்கிறேன்.

பூச்சந்தைக்குப் பெற்றோரை அழைத்துச் செல்லாதீர்கள். வழி குறுகலானது, எப்போதும் ஈரமாக இருக்கும். தலையில் செண்டுமல்லிச் சரங்களைப் பாம்புச் சுருளாக அடுக்கிக்கொண்டு சுமைதூக்குவோர் விரைந்து வருவார்கள். அவர்களுக்கு நின்று வழிவிடும் ஓய்வு இல்லை, நாம்தான் விலக வேண்டும். நீங்களும் மகளும் மட்டும் போய் வாருங்கள். பெற்றோருக்குப் பதிலாகப் படகை வைத்துக்கொள்ளுங்கள். ஹௌரா படித்துறையிலிருந்து எதிர்க்கரைக்கும் வடக்கே ஷோபாபஜார், பாக்பஜார் பக்கங்களுக்கும் பயணிகள் படகுகள் போகின்றன. பாலத்தின் முழு உருவத்தையும் ஆற்றிலிருந்து பார்ப்பதற்கு ஈடு எதுவும் இல்லை. 1943இல் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தில் ஏறத்தாழ 26,500 டன் எஃகு இருக்கிறது; திருகாணிகளே இல்லாமல் தறையாணிகளால் மட்டும் இணைக்கப்பட்டது. பூச்சந்தையின் வண்ணங்களும் படகிலிருந்தே ஓரளவு தெரியும்.

மெட்ரோவை நம்புங்கள். 1984இல் இந்தியாவிலேயே முதலில் மெட்ரோ ஓடிய நகரம் இது. 2024இல் ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் சுரங்கம் வழியாக ஹௌராவையும் எஸ்பிளனேடையும் இணைத்துவிட்டார்கள். இதை உங்கள் மகள் நிச்சயம் விரும்புவாள். தாகூர் இல்லத்துக்கும் கல்லூரித் தெருவுக்கும் மகாத்மா காந்தி சாலை நிலையம், குமார்துலிக்கு ஷோபாபஜார் சுதானுட்டி நிலையம், இந்திய அருங்காட்சியகத்துக்குப் பார்க் தெரு நிலையம் அருகில் உள்ளன.

சைவ உணவுக்கு, கடைக்காரரிடம் ‘நிராமிஷ்’ என்று கேளுங்கள், புரிந்துகொள்வார்கள். பல பலகாரக் கடைகளில் முட்டை டெவிலும் மீன் வறுவலும் காய்கறி வகைகளோடு ஒரே எண்ணெயில் ஆகக்கூடும் என்பதால் அதையும் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். கொச்சூரிக் கடைகளும் இனிப்புக் கடைகளும் பெரும்பாலும் கவலை இல்லாதவை. பெற்றோருக்கு இரண்டாம் நாள் நம் ஊர்ச் சோறும் இரசமும் நினைவுக்கு வந்தால் லேக் மார்க்கெட்டுக்கு வாருங்கள். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் பகுதி இது; கறிவேப்பிலை, வாழையிலை, காப்பிப்பொடி வரை எல்லாம் இங்கே கிடைக்கும்.

விட வேண்டியது எது என்று கேட்டால், ஜோராசாங்கோவை விடுங்கள் என்பேன். பெரிய வீடு, மாடிப்படிகள் உண்டு. அவருடைய எழுத்தை முன்பே படித்து நெருங்கியவர்களுக்கு அந்த அறைகள் பேசும். பத்து வயதுக் குழந்தைக்குக் குமார்துலிதான் வேண்டும்.

நடைவழி எழுதியது:

கங்கைக்கரை அவர்கள் சொன்னதை முழுவதும் ஏற்கிறேன். குமார்துலியைப் பற்றி மட்டும் கூடுதலாகச் சில சொற்கள்.

அங்கே மூங்கிலால் சட்டம் கட்டி, வைக்கோலைச் சுருட்டிக் கயிற்றால் இறுக்கி உடலை உருவாக்கி, அதன்மேல் களிமண்ணைப் பல பூச்சுகளாக ஏற்றுகிறார்கள். முதல் பூச்சுக்கு ஒட்டும் தன்மையுள்ள மண், மேற்பூச்சுக்கு மென்மையான ஆற்று வண்டல் என மண்ணிலும் வகை உண்டு. பூச்சு காய்ந்து வெடிக்கும் இடங்களில் ஈரத்துணியை ஒட்டிச் சமன் செய்கிறார்கள். நெட்டியில் செதுக்கிய வெண்ணிற அணிகளைப் பார்த்ததும் நமக்குத் தஞ்சாவூர் நெட்டி வேலை நினைவுக்கு வரும். இத்தனை உழைப்பும் சில நாள் வழிபாட்டுக்குப் பின் ஆற்றில் கரைந்துவிடுகிறது. 2021இல் கொல்கத்தாவின் துர்கா பூசையை யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்த மரபின் பெரும்பகுதி இந்தக் குறுகிய சந்துகளில் நின்று மண் பிசைகிறவர்களின் கைகளில்தான் இருக்கிறது.

இப்போது முதலில் சொல்லாமல் விட்ட செய்திக்கு வருகிறேன். காளிகாட் ஓவியங்கள் என்று இன்று நாம் பெருமையோடு பேசுபவை, 19ஆம் நூற்றாண்டில் காளிகாட் கோயிலுக்கு வந்த பயணிகள் மலிவாக வாங்கிச் சென்ற சந்தைச் சரக்கு. நாட்டுப்புறத்தில் சுருள் ஓவியம் வரைந்து கதை பாடிய பட்டுவா ஓவியர்கள் நகரத்துக்கு வந்தார்கள். சுருளை நிதானமாகப் பார்க்க நேரமில்லாத கூட்டத்துக்காக, ஆலையில் செய்த தனித்தாளில், நீர்வண்ணத்தில், ஒரே வீச்சில் ஓடும் தூரிகைக் கோட்டில், விரைவாக வரையக் கற்றுக்கொண்டார்கள். காளியும் துர்கையும் மட்டுமல்ல, நகரத்துப் பணக்காரப் பிள்ளைகளின் ஆடம்பரமும், வாயில் இறாலைக் கவ்விய பூனையாகப் போலித் துறவியும் அவற்றில் இடம்பெற்றனர். அச்சிட்ட மலிவுப் படங்கள் வந்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தத் தொழிலை வீழ்த்தின. அன்றைய பயணிகள் வீட்டுச் சுவரில் ஒட்டியவை அழிந்தே போயின. இலண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பெருந்தொகுப்பும், கொல்கத்தாவின் அருங்காட்சியகங்களில் சில தொகுப்புகளும் எஞ்சியிருக்கின்றன. பூச்சந்தையையும் நடைபாதைக் கடைகளையும் நான் அருங்காட்சியகத்துக்குச் சமமாக வைத்துப் பேசுவதற்குக் காரணம் இதுதான். இன்று நடைபாதையில் எது கிடக்கிறது என்பதைக் கவனமாகப் பார்ப்பதும் ஒரு கலைப் பயிற்சியே.

நீள்நோக்கு எழுதியது:

மாற்றுக் கருத்து ஒன்றைப் பணிவோடு முன்வைக்கிறேன். நடைவழி அவர்களின் திட்டத்தில் விக்டோரியா நினைவகம் வெறும் மாலைநேரத் திறந்தவெளியாகச் சுருங்கிவிட்டது. ஏகாதிபத்தியத்தின் நினைவுச்சின்னம் என்பதால் அதை ஒதுக்குகிறவர்கள் பலர் உண்டு. 1906இல் அடிக்கல் நாட்டி, 1921இல் திறப்பதற்குள் நாட்டின் தலைநகரமே டெல்லிக்கு மாறிவிட்டது. மக்ரானா பளிங்கில் வில்லியம் எமர்சன் வடிவமைத்த அந்தக் கட்டடம் தான் யாருக்காக எழுந்ததோ அந்த அதிகாரம் ஊரை விட்டுப் போன பின்பே நிறைவடைந்தது. ஆனால் உள்ளே இருப்பவற்றைக் கட்டடத்தின் நோக்கத்தோடு சேர்த்துத் தள்ளிவிடக் கூடாது.

சந்தையில் ஆர்வம் உள்ளவர்களே அங்கே போக வேண்டும் என்பது என் வாதம். ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியல் 1786 முதல் 1788 வரை கொல்கத்தாவிலேயே அச்சிட்ட பன்னிரண்டு நகரக் காட்சிகளில், வெள்ளை மாளிகைகளுக்கு முன்னால் பல்லக்குத் தூக்கிகள், மாட்டு வண்டிகள், நீர் சுமப்பவர்கள், ஆற்றோரப் படகுகள் எனத் தெருவின் மக்களும் வருகிறார்கள். டேனியல் குடும்ப ஓவியர்களின் படைப்புகளுக்குப் பெயர்பெற்றது இந்த நினைவகத்தின் சேகரிப்பு. நகரின் தெருவை அந்தக் காலக் கண்ணால் பார்த்துவிட்டு இன்றைய தெருவுக்குள் இறங்குவதே சரியான வரிசை. எனவே ஞாயிறு பிற்பகலில் நியூ மார்க்கெட்டைச் சுருக்கிக்கொண்டு, நினைவகத்தின் கூடங்களுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். நியூ மார்க்கெட்டின் செங்கல் கட்டடம் 1874இல் ஆங்கிலேயர்களுக்கான தனிச் சந்தையாகத் திறக்கப்பட்ட வரலாற்றுக்காகப் பார்க்கத் தக்கதே. ஆனால் இன்று அங்கே விற்கும் துணியும் பையும் எல்லா நகரங்களிலும் கிடைப்பவை.

சுவைநாடி எழுதியது:

நீள்நோக்கு அவர்களின் வாதம் ஏற்கத்தக்கது என்றாலும், நியூ மார்க்கெட்டைத் துணிக்கடையாக மட்டும் மதிப்பிட வேண்டாம். அதன் உள்ளே பாலாடைக்கட்டி விற்கும் பகுதியில் பேண்டல் என்னும் புகையூட்டிய சிறு வட்டக் கட்டிகளைத் தேடிப் பாருங்கள். போர்ச்சுகீசியர்கள் குடியேறிய பேண்டல் ஊரின் பெயரைத் தாங்கிய அதை உப்பு நீங்க ஊறவைத்து உண்பார்கள். 1902இல் தொடங்கிய நஹூம் என்ற யூதக் குடும்பத்தின் ரொட்டிக் கடையும் அங்கேதான் இருக்கிறது. சற்றே தள்ளி இருக்கும் நிஜாம் உணவகத்தில், கம்பியில் குத்திச் சுட்ட இறைச்சியைப் பரோட்டாவில் சுருட்டித் தரும் வழக்கம் 1930களில் தொடங்கி நாடு முழுவதும் பரவியது. பாக்தாதி யூதர், சீனர், ஆர்மீனியர், அவத் நவாபின் பரிவாரத்தினர் என வந்து சேர்ந்தவர்கள் எல்லோரும் இந்த நகரத்தின் தட்டில் எதையாவது வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள்.

பிரியாணியில் உருளைக்கிழங்கு இருப்பதும் அப்படித்தான். 1856இல் ஆட்சியை இழந்து கொல்கத்தாவின் மேட்டியாபுரூஜில் வந்து தங்கிய அவத் நவாப் வாஜித் அலி ஷாவின் சமையலறையே இதற்கு மூலம் என்பார்கள். இறைச்சிச் செலவைக் குறைக்க உருளைக்கிழங்கு வந்தது என்று ஒரு சாராரும், அன்று அது அரிய காயாக இருந்ததால் விருந்துக்குச் சிறப்பாகச் சேர்த்தார்கள் என்று இன்னொரு சாராரும் சொல்கிறார்கள். இரண்டாவது விளக்கமே எனக்கு ஏற்புடையதாக இருக்கிறது. காரணம் எதுவாயினும், மசாலாச் சாற்றை உறிஞ்சி வெந்த அந்தக் கிழங்கு கிடைக்காவிட்டால் கொல்கத்தாக்காரர் தட்டைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

கங்கைக்கரை எழுதியது:

டிரெட்டா பஜாரைப் பற்றி உள்ளூர்க்காரனாக ஒரு வேண்டுகோள். போத்தார் கோர்ட் கட்டடத்தின் அருகே நடைபாதையில் பாவ் என்னும் ஆவியில் வெந்த சீன ரொட்டி, மோமோ, மீன் உருண்டைச் சூப், பன்றி இறைச்சித் தொத்திறைச்சி ஆகியவற்றை விற்கிறவர்களில் சீன மரபினர் இன்று மிகச் சிலரே. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சர்க்கரை ஆலை நிறுவ வந்த டோங் அச்சியூவுக்குப் பின் பெருகிய அந்தச் சமூகம், 1962 போருக்குப் பிறகு நேர்ந்த துன்பங்களால் பல நாடுகளுக்குச் சிதறியது. எஞ்சியிருக்கும் மூதாட்டி ஒருவர் பாத்திரத்தைத் திறக்கும்போதே நான்கு ஒளிப்படக் கருவிகள் அவர் முகத்துக்கு நேராக நீள்வதை ஒவ்வொரு குளிர்காலத்திலும் பார்க்கிறேன். முதலில் வாங்கி உண்ணுங்கள், பேசுங்கள், பிறகு அனுமதி கேட்டுப் படம் எடுங்கள். பூச்சந்தைச் சுமைதூக்குவோருக்கும் கைரிக்ஷா இழுப்பவர்களுக்கும் இதே நெறி பொருந்தும். அருகிலேயே 1905இல் எழுந்த சீ இப் கோயில் இருக்கிறது. காலை உணவுக்குப் பின் பத்து நிமிடம் அங்கே அமைதியாக இருந்துவிட்டு அருங்காட்சியகத்துக்குப் புறப்படலாம்.

கல்மாடம் எழுதியது:

படம் எடுப்பதைப் பற்றிய வேண்டுகோளை நானும் வழிமொழிகிறேன். கல்லூரித் தெருவைப் பற்றி யாரும் விரிவாக எழுதாததால் சுருக்கமாக: அங்கே தலைப்பைச் சொல்லிக் கேட்டால் எந்தக் கடைக்காரரும் அடுக்கின் நடுவிலிருந்து நூலை உருவித் தருவார், பெயர் தெரியாமல் துழாவ விரும்புகிறவர்கள் பிரசிடென்சி பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சுவரை ஒட்டிய பழைய புத்தகக் கடைகளில் நில்லுங்கள். தொல்லியல், கலை வரலாறு பற்றிய ஆங்கில நூல்கள் இங்கே கிடைப்பதைப் போல நம் பக்கத்துப் பழைய புத்தகக் கடைகளில் கிடைப்பதில்லை. களைத்தால், எதிரே ஆல்பர்ட் ஹாலின் மாடியில், ஊழியர் கூட்டுறவு நடத்தும் காப்பி ஹவுஸ். காப்பியின் சுவையை எதிர்பார்த்துப் போகாமல், உயர்ந்த கூரைக்கு அடியில் நடக்கும் உரையாடலின் இரைச்சலுக்காகப் போக வேண்டிய இடம் அது. சிறிய நோட்டுகளைக் கையில் வைத்திருங்கள். பத்து, இருபது ரூபாய்த் தாள்கள் அன்று முழுவதும் உதவும்.

இரண்டு தலைமுறை எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. குமார்துலியையும் பார்ஹுத் கூடத்தையும் மையமாக வைத்து மற்றவற்றைச் சுருக்கிவிட்டோம். சனவரி இறுதியில் போகலாம் என்று எண்ணம். அந்தக் காலம் பொருந்துமா? திரும்ப ஞாயிறன்றே தொடர்வண்டி ஏற வேண்டும்.

நடைவழி எழுதியது:

சனவரி மிக நல்ல தேர்வு. ஈச்ச வெல்லம் புதிதாக வரும் பருவம் என்பதால் சந்தேஷும் ரசகுல்லாவும் பழுப்பு நிறத்தில் கிடைக்கும். கோடையில் போகிறவர்களுக்கு அந்தச் சுவை வாய்க்காது. சரசுவதி பூசை நெருங்குவதால் குமார்துலியில் வெண்ணிறச் சரசுவதி உருவங்கள் சந்து முழுவதும் வரிசையாக நிற்கும். பெரிய துர்கை உருவங்களை விட இவை குழந்தையின் கண்மட்டத்துக்கு நெருக்கமானவை. ஒன்றைக் கவனியுங்கள்: சனவரி 23 நேதாஜியின் பிறந்தநாள், அங்கே பொது விடுமுறை, 26 அன்று இந்திய அருங்காட்சியகம் மூடியிருக்கும். இவற்றில் ஒன்று சனி அல்லது ஞாயிறோடு சேர்ந்து வந்தால் ஒரு வாரம் தள்ளி வையுங்கள்.

தொடர்வண்டியைப் பொறுத்தவரை, சென்னைக்கான கோரமண்டல் விரைவு வண்டி ஷாலிமாரிலிருந்து பிற்பகலிலேயே புறப்பட்டுவிடுவதால் ஞாயிறு முழுவதும் பறிபோகும். ஹௌராவிலிருந்து இரவில் கிளம்பும் சென்னை மெயிலைப் பதிவு செய்யுங்கள். அப்போது அருங்காட்சியகத்தை அவசரமின்றிப் பார்த்து, விக்டோரியா நினைவகத் தோட்டத்தில் பெற்றோரை இளைப்பாறவிட்டு, எஸ்பிளனேடிலிருந்து ஆற்றுக்கு அடியில் மெட்ரோவில் ஹௌராவுக்கு வந்து சேரலாம். வண்டியில் உண்ணக் கொச்சூரி வாங்குவதானால் குழம்பைத் தனியாகக் கட்டித் தரச் சொல்லுங்கள். சேர்த்துக் கட்டினால் கரக்பூர் வருவதற்குள் ஊறிவிடும்.